கிணத்துல ஏறுன தண்ணி ஆத்துத் தண்ணிதானா?

எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல வருஷா வருஷம் ஒரு படம் சுத்தி வரும். ரெண்டு போட்டோவைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, மேல "அன்று" "இன்று"ன்னு எழுதியிருப்பாங்க. அன்றுல ஒரு கிணறு, உள்ள வெடிச்ச மண்ணும் காஞ்ச வேரும். இன்றுல அதே கிணறு, கைய விட்டா தொடலாம்ங்கற மாதிரி தண்ணி. கீழ "தடுப்பணையின் பயன்"னு ஒரு வரி. பாத்தவுடனே மனசு குளுந்துடும், எனக்கும் அப்படித்தான். ஆனா கொஞ்சம் உத்துப் பாத்தா அன்று படத்துல பின்னாடி நிக்கற மாமரத்துல மாங்கா தொங்குது, இன்று படத்துல வரப்பெல்லாம் சேறு, பசங்க ஸ்வெட்டர் போட்டிருக்காங்க. அதாவது ஒன்னு சித்திரை வைகாசில எடுத்தது, இன்னொன்னு மார்கழில எடுத்தது. அணையே கட்டாத ஊர்லயும் இந்த ரெண்டு மாசத்துக்கு நடுவுல கிணறு இப்படித்தான் மாறும். படத்தைப் போட்டவங்க ஏமாத்தணும்னு போடல, நம்பித்தான் போடறாங்க, அதுதான் என்னை விடாம அரிச்சுட்டே இருக்கு.

தடுப்பணை மேல எனக்கு எந்த விரோதமும் கிடையாது, மொதல்லயே சொல்லிடறேன். வருஷத்துல சில வாரம் மட்டும் ஓடற ஆறு எங்களோடது. ஆந்திரால பிச்சாட்டூர் பக்கமிருந்து வந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரின்னு போயி பழவேற்காட்டுல கலக்குற ஆரணியாறு. ஐப்பசி கார்த்திகைல வந்தா வந்ததுதான், தை பொறக்கும்போது மணல் தெரிய ஆரம்பிச்சுடும். அந்தக் கொஞ்ச நாள்ல ஓடற தண்ணியை நாலு இடத்துல நிறுத்தி மண்ணுக்குள்ள எறக்கணும்ங்கறது நல்ல யோசனை, அதுல சந்தேகமே இல்ல. எனக்கு இருக்கற கேள்வி ஒன்னே ஒன்னு. எறங்குச்சான்னு யார் பாத்தது? எவ்வளவு எறங்குச்சு, யார் கிணத்துக்குப் போச்சு, அது போனதால யாருக்கு வராம போச்சு? கட்டின அணை எத்தனைன்னு கேட்டா உடனே பதில் வருது, எத்தனை கோடி செலவுன்னு கேட்டாலும் வருது, எறங்கின தண்ணி எவ்வளவுன்னு கேட்டா மட்டும் அந்த "அன்று இன்று" போட்டோதான் வருது.

பெரியப்பாவோட உறைக்கணக்கு

பெரியப்பா வீடு ஆத்தோட வடகரைல. அவர் நெலத்துல ரெண்டு போர் இருக்கு, அதுக்கும் முன்னாடி தாத்தா காலத்து உறை கிணறு ஒன்னும் இருக்கு, உறைன்னு சொல்ற வளையங்களை ஒன்னு மேல ஒன்னா அடுக்கிக் கட்டினது. இப்ப அதுல மோட்டார் கிடையாது, யாரும் எறைக்கறதும் இல்ல. ஆனா ஒவ்வொரு அமாவாசைக்கும் பெரியப்பா போயி எட்டிப் பாத்து, தண்ணிக்கு மேல எத்தனை உறை தெரியுதுன்னு எண்ணி, வீட்டுக் காலண்டர்ல அந்தத் தேதி மேலயே பேனாவால எழுதி வெப்பார். வருஷம் முடிஞ்சாலும் அந்தக் காலண்டரைத் தூக்கிப் போடமாட்டார், பீரோ மேல சுருட்டி வெச்சிருப்பார். பெரியம்மா பல தடவை பழைய பேப்பர்காரன்கிட்ட போடப் போயி சண்டை வந்திருக்கு. எறைக்காத கிணறு, மாசா மாசம் ஒரே ஆள் ஒரே மாதிரி எண்ணின கணக்கு, இதைவிட நல்ல ரெக்கார்டு எங்க பக்கத்துல வேற யார்கிட்டயும் இருக்கும்னு எனக்குத் தோணல.

அவங்க பக்கம் அணை வந்த பிறகு 2015 வந்துச்சு. அந்த வருஷ மழையைப் பத்தி யாருக்கும் சொல்லத் தேவையில்ல. மேல மூணு உறைதான் தெரியுதுன்னு பெரியப்பா எழுதியிருக்கார், அவர் வாழ்க்கைல அதுவரைக்கும் பாக்காத மட்டம். ஊரே அணையைக் கும்பிட்டுச்சு. அடுத்த வருஷம் 2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல சராசரியைவிட 62 சதவீதம் குறைஞ்சுது. 2017 கோடைல கிணத்துல கடைசி உறைக்கும் கீழ ஈரமண்தான். அப்ப அதே ஆளுங்க என்ன சொன்னாங்க? "மழை இல்லப்பா, அணை இன்னா பண்ணும்?" சரிதான், அணை மழையைக் கொண்டு வராது. ஆனா இந்தக் கணக்குல ஒரு கோணல் இருக்கு பாருங்க. தண்ணி ஏறினா அணையால, எறங்கினா மழையில்லாததால. ஏறும்போது மழையை மறந்துடறோம், எறங்கும்போது அணையை மறந்துடறோம். இப்படி வெச்சுக்கிட்டா அணை ஒருநாளும் தோக்காது, ஜெயிச்சுதான்னும் ஒருநாளும் தெரியாது.

குஜராத்துல சௌராஷ்டிரால நடந்த விவாதமும் இதேதான். 2000க்குப் பிறகு அங்க ஆயிரக்கணக்குல தடுப்பணை கட்டினாங்க, நிலத்தடி நீரும் ஏறுச்சு, நாடு முழுக்க அதை உதாரணமா காட்டினாங்க. பிறகு சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தைக் கேட்டாங்க. அதே வருஷங்கள்ல மழையும் முன்னைவிட நல்லா பெஞ்சுதே, அதைக் கழிச்சுட்டுப் பாத்தீங்களான்னு. ரெண்டு பக்கமும் படிச்சவங்க, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, இன்னைக்கு வரைக்கும் முழுசா தீரல. அவ்வளவு பெரிய வேலைலயே மழை எவ்வளவு அணை எவ்வளவுன்னு பிரிக்கறது இப்படி இழுபறின்னா, எங்க ஊர் போட்டோவை வெச்சு எப்படிப் பிரிக்கறது?

அத்தை கேட்டது

இதெல்லாம் எனக்கு மண்டைல ஓடிட்டு இருந்தாலும் ஒரு பிடி கிடைக்காம இருந்துச்சு. அதைக் கொடுத்தது எங்க அத்தை. அத்தையைக் கட்டிக் கொடுத்த ஊர் ஆத்துலேர்ந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, அங்க ஆறும் இல்ல அணையும் இல்ல, ஏரிப் பாசனம்தான். 2021 மழைல, பிச்சாட்டூர் அணை திறந்து ஆரணியாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடின வருஷம், ஒரு விசேஷத்துக்காக எல்லாரும் பெரியப்பா வீட்டுல கூடியிருந்தோம். பெரியப்பா வழக்கம்போல கிணத்தைக் காட்டி அணை பெருமையைச் சொல்லிட்டு இருந்தார். அத்தை வெத்தல போட்டுக்கிட்டே கேட்டுட்டு இருந்தவங்க, "ஏண்ணா, எங்க கெணறும்தான் மேல வந்துகீது. எங்களுக்கு யாரு அணை கட்டினது?"ன்னு கேட்டுட்டாங்க.

யாரும் பதில் சொல்லல. பெரியப்பாவுக்குக் கொஞ்சம் கோவம்கூட வந்துச்சு. ஆனா எனக்கு அந்த நிமிஷம்தான் வழி தெரிஞ்சுது. இதைத்தானே யாராவது செய்யணும்! அதே மழை பெஞ்ச, ஆனா அணை இல்லாத இடத்துல ஒரு கிணத்தைப் பாக்கணும். அணைக்கு முன்னாடி அணைக்குப் பின்னாடின்னு ஒரே கிணத்தை மட்டும் பாத்தா மழையும் அணையும் கலந்துதான் வரும். அணை பக்கத்துக் கிணறு, அணை இல்லாத கிணறுன்னு ரெண்டையும் ஒரே காலத்துல வெச்சுப் பாத்தா மழை ரெண்டுலயும் பொதுவா இருக்கும், மிச்சம் நிக்கற வித்தியாசத்தைத்தான் அணைக்குக் கொடுக்க முடியும். படிச்சவங்க இதை அழகா பேர் வெச்சு செய்வாங்க, அத்தை வெத்தல மென்னுக்கிட்டே சொல்லிட்டாங்க.

அன்னைக்கே அத்தைகிட்ட, உங்க வீட்டுலயும் அமாவாசைக்கு அமாவாசை உறையை எண்ணி எழுதி வெய்ங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அவங்களுக்கு அண்ணனை ஜெயிக்கணும்ங்கற வேகம் வேற, ஒரு மாசம்கூட விடாம எழுதினாங்க. பிறகு ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வெச்சுப் பாத்தப்ப ஒன்னு தெளிவா தெரிஞ்சுது. மார்கழில ரெண்டு கிணறும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அத்தை சொன்னது சரி. தைலயும் பெருசா வித்தியாசம் இல்ல. மாசில பிரிய ஆரம்பிக்குது. பங்குனில அத்தை கிணறு மளமளன்னு எறங்குது, பெரியப்பா கிணறு மெதுவா எறங்குது. சித்திரைல அத்தை கிணத்துல அடி உறை தெரியும்போது பெரியப்பா கிணத்துல இன்னும் நாலஞ்சு உறை தண்ணி நிக்குது.

ஆக அணை வேலை செஞ்சிருக்கு, ஆனா எல்லாரும் போட்டோ எடுத்த மாசத்துல இல்ல. யோசிச்சா காரணம் புரியும். மழைக்காலத்துல ஆத்துப் படுகை மண்ணெல்லாம் ஏற்கனவே தண்ணி குடிச்சு மேல வரைக்கும் வந்துடும், நெறஞ்ச குடத்துல இன்னும் ஊத்தினா வழிஞ்சுதானே போகும். அணைல நிக்கற தண்ணிக்கு அப்ப கீழ போக எடமே இருக்காது. தைக்கு மேல சுத்துவட்டாரக் கிணறெல்லாம் எறைக்க எறைக்க கீழ இடம் காலியாகும், அப்பதான் அணைக்குப் பின்னாடி மிச்சமிருக்கற தண்ணி எறங்கி அந்த இடத்தை நிரப்பும். அதனாலதான் ரொம்ப மழை பெஞ்ச வருஷம் அணைக்குப் பெரிய வேலை இல்ல, மழையே இல்லாத வருஷம் அணைல தண்ணியே இல்ல, நடுவாந்திரமான வருஷத்துலதான் அதோட முழு உபயோகம். 2015ஐக் காட்டி அணையைப் புகழ்றதும் தப்பு, 2017ஐக் காட்டித் திட்றதும் தப்பு. சாதாரண வருஷத்து பங்குனி சித்திரையைப் பாருங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

ஒரு மீட்டர்னா எவ்வளவு?

இங்கயே முடிஞ்சுடும்னு நினைச்சா முடியல. ரெண்டு ஊர் மண்ணும் ஒன்னு கிடையாது. பெரியப்பா நெலம் ஆத்து மணல், அத்தை ஊர் களி கலந்த மண். மத்திய அரசோட நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறைல ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கு, தண்ணி மட்டம் ஏறினா அந்த மண்ணோட கன அளவுல எத்தனை சதவீதம் எறைக்கக்கூடிய தண்ணின்னு. மணல் படுகைக்கு 16 சதவீதம், களிமண் படுகைக்கு 6 சதவீதம், களி அதிகமில்லாத சிதைஞ்ச பாறைக்கு 3 சதவீதம்னு வெச்சிருக்காங்க. இதை ஏக்கருக்குப் போட்டுப் பாருங்க. மணல்ல ஒரு மீட்டர் ஏறினா ஏக்கருக்கு சுமார் ஆறரை லட்சம் லிட்டர், பன்னெண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரில அம்பத்து நாலு லோடு. களிமண்ல அதே ஒரு மீட்டருக்கு ரெண்டரை லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. பாறைல ஒன்னேகால் லட்சத்தைக்கூட தொடாது. "எங்க ஊர்ல மூணு மீட்டர் ஏறிடுச்சு"ன்னு பேப்பர்ல செய்தி வந்தா, அது எந்த மண்ணுன்னு சொல்லாம அந்த மூணுக்கு அர்த்தமே இல்ல. கிணறு ஒரே அளவு ஏறியிருந்தாலும் மார்கழில பெரியப்பா ஊர் மண்ணுக்குள்ள போன தண்ணி அத்தை ஊரைவிட ரெண்டரை மடங்குக்கு மேல. மட்டத்தை மட்டும் பாத்து, ரெண்டும் ஒன்னுன்னு அத்தை சொன்னது பாதி உண்மைதான். சித்திரை வித்தியாசத்துலயும் ஒரு பங்கு மண்ணோடதா இருக்கலாம். ஒப்பிட அத்தை கிணறு ஒன்னு மட்டும் பத்தாது, அதே ஆத்தோரத்துல, அதே மணல்ல, அணைக்கு எட்டாத தூரத்துலயும் ஒன்னு வேணும்.

இன்னொன்னு, கீழ ஒரே அடுக்கு இல்ல. ஆரணியாறு கொசஸ்தலையாறு படுகைல மேல ஒரு நீர் அடுக்கு, நடுவுல களிமண், அதுக்குக் கீழ இன்னொரு அடுக்கு. உறை கிணறு மேல் அடுக்கைக் காட்டும். இன்னைக்கு ஓடற போருங்கள்ல நிறைய கீழ் அடுக்குலேர்ந்து எடுக்குது. ஆத்துத் தண்ணி மொதல்ல மேலதான் சேரும், களி விட்ட இடத்துல மட்டும்தான் கீழ போகும். பெரியப்பா உறைக்கணக்கு சந்தோஷமா இருந்தாலும், அவர் போர்ல என்ன மட்டம்னு யாருக்கும் தெரியாது, அதுக்குள்ள எட்டிப் பாக்க முடியாதே.

அதைவிட என்னை ரொம்ப யோசிக்க வெச்சது அடுத்த ரெண்டு வருஷம். பெரியப்பா கிணத்துல அந்தச் சித்திரை நாலஞ்சு உறை காணாம போச்சு, அத்தை கிணறும் அவர் கிணறும் ஒரே மாதிரி அடி தெரிஞ்சுது. அணை ஒடஞ்சுதா? இல்ல. முன்னெல்லாம் சம்பா மட்டும் வெச்சு, சில பேர் நவரை வெச்ச ஊர்ல, தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சவுடனே சொர்ணவாரின்னு கோடைப் போக நெல்லும் வெச்சுட்டாங்க. கரன்ட் ஃப்ரீ, தண்ணி இருக்கு, யார்தான் வெக்கமாட்டாங்க? ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணின்னு பொதுவா சொல்ற கணக்கை வெச்சா ஏக்கருக்கு அம்பது லட்சம் லிட்டர் கிட்ட வரும். அதுல ஒரு பங்கு திரும்ப மண்ணுக்குள்ளயே போகும்தான், ஆனாலும் ஒரு ஏக்கர் நெல்லு ஏழரை ஏக்கருக்குக் கீழ ஒரு மீட்டர் தண்ணியை மேல தூக்குது. அதுக்கு மேல ராத்திரில டேங்கர் லாரி வேற வந்து நிக்கும். கிணத்தை மட்டும் அளந்துட்டுப் போறவர் "அணையால பிரயோஜனம் இல்ல"ன்னு எழுதிடுவார். நெஜத்துல அந்தத் தண்ணி நெல்லா மாறிடுச்சு, பசங்க ஃபீஸா மாறிடுச்சு. அதை நஷ்டம்னு எப்படிச் சொல்றது? அதே சமயம் நிலத்தடி நீர் கூடுச்சுன்னும் சொல்ல முடியாது. பயிர்க் கணக்கும் கிணத்துக் கணக்கும் ஒன்னா இருந்தாத்தான் எது நடந்துச்சுன்னு சொல்லலாம்.

அணையையே கேக்கலாம்

கிணறு இவ்வளவு குழப்புதுன்னா நேரா அணையையே அளக்கலாமே. இது ரொம்ப ஈஸியான வேலை, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. அணைச் சுவத்துல சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு அளவுப் பலகை. ஆத்துல வரத்து நின்ன பிறகு தெனம் காலைல ஒருத்தர் போயி மட்டத்தைப் பாத்து எழுதணும். நேத்தைக்கும் இன்னைக்கும் எவ்வளவு எறங்குச்சுன்னு பாத்து, அதுல வெயில்ல ஆவியா போனதைக் கழிக்கணும், நம்ம பக்கம் நாளைக்கு சுமாரா அஞ்சு மில்லிமீட்டர் வரும். மோட்டார் வெச்சு யாரும் எடுக்கலன்னா, மிச்சமெல்லாம் மண்ணுக்குள்ள போனதுதான். ராஜஸ்தான்ல உதய்ப்பூர் மாவட்டத்துல தார்த்தாங்கற பகுதில விவசாயிங்களுக்கே கத்துக் கொடுத்து இதைச் செஞ்சாங்க, அவங்களை "பூஜல் ஜான்கார்"னு கூப்பிடறாங்க, நிலத்தடி நீர் தெரிஞ்சவங்கன்னு. அணையையும் பாத்தாங்க, சுத்தியிருக்கற கிணறுகளையும் பாத்தாங்க. அந்த விவசாயிங்க எழுதின எண்களை வெச்சே அணைக்கு அணை எவ்வளவு எறங்குச்சுன்னு ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு. நம்ம ஊர் ஆளுங்களால முடியாதா? பெரியப்பா மாதிரி ஒருத்தர் இல்லாத ஊரா?

அப்படி அளந்தா வண்டல் கதையும் வெளிய வரும். வெள்ளம் வரும்போது களியும் சேர்ந்துதான் வருது, அது அணைக்குப் பின்னாடி படிஞ்சு மணலை மூடிடும். மொத வருஷம் சரசரன்னு எறங்கின தண்ணி போகப்போக நின்னு பச்சையா மாறி ஆவியாத்தான் போகும். நான் மேல சொன்ன மத்திய அரசோட 1997 மதிப்பீட்டு முறைல தடுப்பணைல தேங்கற தண்ணில 50 சதவீதம் எறங்கும்னு வெச்சாங்க, ஆனா வருஷா வருஷம் தூர் வாரினாங்கற நிபந்தனையோட. 2015 முறைல அது 40 சதவீதமா குறைஞ்சுது. உள்ளூர் அளவு எதுவும் இல்லாதப்ப ஒரு பொதுக்கணக்கு வேணும்தான், அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா மணல் அணைக்கும் வண்டல் மூடின அணைக்கும் ஒரே 40ஐப் போட்டா, தூர் வாரின ஊருக்கும் வாராத ஊருக்கும் பேப்பர்ல வித்தியாசமே இருக்காது.

தரத்தையும் பாக்கணும், எங்க பக்கத்துக்கு அதுதான் உயிர். எங்க ஊர்லேர்ந்து கிழக்க போனா மீஞ்சூர். 1960கள்ல ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோட இந்தப் படுகைல தண்ணி தேடிக் கண்டுபிடிச்சு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம்னு கிணத்து வயல்கள் போட்டு மெட்ராஸுக்கும் மணலி கம்பெனிங்களுக்கும் எடுத்தாங்க. 1969ல கடற்கரைலேர்ந்து 3 கிலோமீட்டர்ல இருந்த உப்பு, 1987ல 9 கிலோமீட்டர் உள்ள வந்துடுச்சுன்னு பதிவாகியிருக்கு, பிறகும் நிக்கல. மீஞ்சூர்ல இருக்கற மாமா வீட்டுல கிணறு நெறைய தண்ணி, வாய்ல வெக்க முடியாது. மட்டத்தைப் பாத்தா அது ஜெயிச்ச கிணறு! பாலேஸ்வரத்துல ஆரணியாத்துக்குக் குறுக்க 2010ல கட்டின தடுப்பணையைச் சுத்தி அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறை ஆளுங்க மட்டத்தோட உப்பையும் அளந்தாங்க, அணைக்குக் கிட்ட இருக்கற கிணறுகள்ல மட்டமும் ஏறி உப்பும் குறைஞ்சதைக் காட்டினாங்க. எனக்கு நம்பிக்கை தர்றது அந்த மாதிரி வேலைதான். தேங்கி நின்ன தண்ணில லேசான வகை ஆக்சிஜன் இருக்கற தண்ணி மொதல்ல ஆவியாகி, கனமான வகை ஆக்சிஜன் இருக்கறது கொஞ்சம் அதிகமா தங்கிடும், அந்த அடையாளம் கிணத்துத் தண்ணில இருந்தா அது நேரா பெஞ்ச மழையில்ல, அணைல நின்னு வந்த தண்ணின்னு சொல்லிடலாம். அவ்வளவு தூரம்கூட போக வேணாம், ஒரு சின்ன மீட்டரை வெச்சு மாசம் ஒரு தடவை கிணத்து உப்பைப் பாத்து எழுதினாலே பாதி கதை தெரியும்.

பழவேற்காட்டுக்காரங்க கிணறு இல்லாதவங்க

இதுவரைக்கும் நான் பேசினதெல்லாம் கிணறு வெச்சிருக்கறவங்க கணக்கு. ஆத்தோட கடைசில இருக்கறவங்களுக்குக் கிணறு இல்ல, ஏரி இருக்கு. ஆரணியாத்துல வர்ற நல்ல தண்ணி பழவேற்காடு ஏரில கலந்தாத்தான் உப்பு ஒரு அளவுல நிக்கும், எறா பெருகும், வெள்ளம் வேகமா வந்து தள்ளினாத்தான் முகத்துவாரம் அடைபடாம இருக்கும். 2021 மாதிரி வருஷத்துல பத்து அணை இருந்தாலும் தாண்டிப் போயிடும். நான் மேல சொன்ன நடுவாந்திர வருஷம் இருக்கே, அணைக்கு முழு உபயோகம் வர்ற வருஷம், அதே வருஷத்துலதான் கீழ போற மொதல் தண்ணியை அணைங்க பிடிச்சு வெச்சுக்கும். பெரியப்பாவுக்கு லாபமான அதே தண்ணி இன்னொருத்தருக்குக் குறையுது.

ஆர்வாரி ஆத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க, ராஜஸ்தான்ல அல்வார் மாவட்டத்துல ராஜேந்திர சிங்கும் தருண் பாரத் சங்கமும் 1985லேர்ந்து ஜோஹட்ங்கற மண்கரைத் தடுப்புக் குளங்களைக் கட்டி, செத்த ஆத்துல தண்ணி ஓட வெச்சாங்க. நான் மனசார மதிக்கற வேலை அது. அங்க சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் களத்துல அளந்து, மொத்தப் படுகைக்கும் ஒரு கணக்கு மாடல் போட்டு 2010, 2011ல எழுதினாங்க. நிலத்தடிக்குத் தண்ணி எறங்கறது உண்மை, வறட்சியைத் தாங்க உதவுது. ஆனா கட்டுமானம் கூடக்கூட ஆத்துல ஓடற தண்ணி குறையுது, ஒரு அளவுக்கு மேல புதுசா கட்டினா நிலத்தடிக்குக் கூடுதல் ஒன்னும் இல்ல, ஆத்து ஓட்டம் மட்டும் இன்னும் குறையும்னு சொன்னாங்க. எங்க ஆத்துல அந்த அளவு எங்க இருக்கு? அஞ்சாவது அணையா, பதினஞ்சாவதா? அதைத் தெரிஞ்சுக்காமலேயே அடுத்த அணைக்கு அடிக்கல் நாட்டிட்டு இருக்கோம். ஒரு அணையோட பலனை அதுக்குப் பக்கத்துக் கிணத்துல மட்டும் பாத்தா எல்லா அணையும் நல்ல அணைதான். ஆத்தோட மொத்த நீளத்துக்கும் பாத்தாத்தான், கூடுச்சா இல்ல இடம் மாறுச்சான்னு தெரியும்.

இதைச் சொன்னா "அப்ப அணையே வேணாம்ங்கறியா"ன்னு பெரியப்பா மொறைக்கறார். வேணாம்னு இல்ல பெரியப்பா. அந்தச் சித்திரைல உங்க கிணத்துல நின்ன நாலஞ்சு உறையை நான்தானே எண்ணிக் காட்டினேன். அது உங்க அணைக்கு நீங்க எடுத்த போட்டோ எதையும்விட நல்ல சாட்சி. அதே சாட்சி ஒவ்வொரு அணைக்கும் வேணும், பொய்யா இருந்தா பொய்யின்னும் தெரியணும், அவ்வளவுதான் நான் கேக்கறது.

2022லேர்ந்து மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக்கும் கிராம சபை கூட்டணும்னு அரசு சொல்லியிருக்கு. அது பங்குனி ரெண்டாவது வாரத்துல வர்ற தேதி, ரெண்டு கிணறும் பிரிய ஆரம்பிச்சிருக்கற நேரம். இந்தத் தடவை அந்தக் கூட்டத்துல எங்க ஊர்லேர்ந்து மூணு தீர்மானம் கேக்கப் போறோம். அணைச் சுவத்துல அளவுப் பலகை, எறைக்காத பழைய கிணறு நாலை மூடாம அளக்கறதுக்குன்னே விட்டு வெக்கறது, அதுல ரெண்டு அணைக்கு எட்டாத தூரத்துல இருக்கணும். மூணாவது, வருஷா வருஷம் அந்த எண்ணுங்களோட எந்தப் போகம் எத்தனை ஏக்கர் வெச்சாங்கங்கறதையும் சேத்து சபைல வாசிக்கறது. பெரியப்பா பழைய காலண்டர்களையெல்லாம் பீரோ மேலேர்ந்து எறக்கிட்டார், நான் ஒன்னொன்னா நோட்டுல ஏத்திட்டு இருக்கேன். அத்தை அவங்க ஊர் சபைல தனியா கேக்கறேன்னு சொல்லியிருக்காங்க. பழவேற்காடு பக்கம் ஏரி உப்பை மாசா மாசம் எழுதி வெக்கற மீனவர் யாராவது இருந்தா, இல்ல எழுத ஆரம்பிக்க இஷ்டம் இருந்தா, கீழ கமென்ட்ல சொல்லுங்க, எங்க நோட்டுல அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாத்தான் இருக்கு.